பூ வேன் நிற்கும் இடம்

ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. சிறுமலைக்குப் போய் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றுதான் பையைக் கட்டியிருந்தேன். ஐம்பத்தேழு வயதில் எனக்கு அதற்குமேல் பெரிய ஆசைகள் இல்லை. அந்த நேரம் பார்த்துக் காயத்ரியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. என் பேருந்துப் பயணக் குறிப்புகளைப் படிக்கும் கல்லூரி மாணவி. கன்னிவாடிக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்று ஊருக்கே ஒத்திகை வைக்கப் போகிறார்களாம், அவளும் அவள் வயதுப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரும். வெளியாள் ஒருவர் வந்து பார்த்து எழுதினால் ஊர்க்காரர்கள் கொஞ்சம் மதிப்பார்கள் என்று எழுதியிருந்தாள்.

ஒத்திகை என்றாலே எனக்குக் கொட்டாவி வரும். வேலை பார்த்த அலுவலகத்தில் வருஷா வருஷம் தீ ஒத்திகை உண்டு. மணி அடிக்கும், எல்லோரும் எழுந்து டீக்கடைக்குப் போவோம். ஆனால் கடிதத்தின் கடைசி வரி விடவில்லை. போன வருஷம் அவள் அம்மா தரைப்பாலத்தில் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டாராம். சிறுமலையைத் தள்ளிப்போட்டேன்.

திருச்சியிலிருந்து ரயிலில் வந்து திண்டுக்கல்லில் இறங்கும்போது காலை ஒன்பதரை. பிரியாணியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று யாரும் கேட்க வேண்டாம், வயிறு சரியில்லை, இரண்டு இட்லியோடு முடித்துக்கொண்டேன். பேருந்து நிலையத்திலிருந்து கன்னிவாடி இருபது கிலோமீட்டருக்குள்தான். நகரப் பேருந்து என்பதால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, உட்கார இடமும் இல்லை. முக்கால் மணி நேரம் நின்றேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ, ஐந்து கிலோமீட்டர், முப்பது ரூபாய். இடுப்பு வலி தனிக் கணக்கு.

ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் வீடுகள். ஒரு பக்கம் மேட்டில் தொடக்கப்பள்ளி. மறுபக்கம் சரிவில் மலையிலிருந்து வரும் ஓடை, அதன்மேல் ஒரு தரைப்பாலம், அதைத் தாண்டினால் மல்லிகைத் தோட்டங்கள். ஊரில் சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை பெய்து ஓடை பொங்கி வந்துவிடும். அப்போது எல்லோரும் பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஏற வேண்டும். கூப்பிடுவது எப்படி என்பதில்தான் சிக்கல்.

"கோவில் மைக்செட்ல சொன்னா ஒருத்தரும் காதுல வாங்க மாட்டாங்க மேடம். தண்ணி தெறந்தாலும் மைக்கு, ஆடு காணாமப் போனாலும் மைக்கு" என்றாள் காயத்ரி. அதனால் பிள்ளைகள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். தினமும் காலையில் திண்டுக்கல்லிலிருந்து பூ ஏற்ற வரும் வேனின் ஹாரனை போனில் பதிவு செய்து வைத்திருந்தார்கள். அந்தச் சத்தம் கேட்டால் காய்ச்சலில் படுத்திருப்பவர்கூட எழுந்து ஓடி வருவாராம். ஹாரன் மைக்கில் கேட்டால் மேட்டுக்கு வரவேண்டும் என்று முதல் நாளே வீடு வீடாகச் சொல்லியாயிற்று.

மாலை நான்கு மணி. நான் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்திருந்தேன். மைக்கில் ஹாரன் அலறியது. உண்மையிலேயே ஒரு நிமிடத்தில் எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். காயத்ரி என் கையைப் பிடித்து நசுக்கினாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

பிறகு பார்த்தால், வந்தவர்கள் இடுப்பில் துணியை மடியாகக் கட்டிக்கொண்டு நேர் எதிர்ப்பக்கம் ஓடினார்கள். தரைப்பாலத்தைப் பார்த்து. எல்லோருக்கும் முன்னால் ஓடியது காயத்ரியின் அம்மா செல்வராணி.

"எம்மா, எங்க போற? இது ஒத்திகை! நேத்துதான சொன்னேன்!"

"அடியே, நாளைக்கு முகூர்த்தம்டி! வேன் ரெண்டாவது நடை வந்துருக்கு. வெல ஏறிருக்கும்போல. செத்த நேரத்துல வாரேன், இரு!"

மேட்டுக்கு வந்து சேர்ந்தது பூந்தோட்டம் இல்லாத நாலு வீட்டுக்காரர்களும் ஓர் ஆடும்தான். மற்ற ஊர் முழுவதும் ஓடைக்கு அந்தப் பக்கம் மொக்குப் பறித்துக்கொண்டிருந்தது. வேன் வரவில்லை என்று தெரிந்ததும் திரும்பி வந்து பிள்ளைகளைப் பிடித்து ஏசினார்கள். "இம்புட்டு மொக்கையும் இப்ப யாரு தலையில கட்டுறது?" என்று ஒரு பெண் என்னிடமே மடியை விரித்துக் காட்டினார். மைக்செட்டைப் பார்த்துக்கொள்பவர் சாவியை மடியில் முடிந்துகொண்டு, "இனிமே வெளையாட்டுக்கெல்லாம் சாவி கெடையாதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார். மழைக்காலத்துக்கு இரண்டு மாதம்கூட இல்லை. சாவி இல்லாவிட்டால் பிள்ளைகளிடம் வேறு எதுவும் இல்லை.

கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு அன்று காயத்ரி வீட்டிலேயே தங்கினேன். நான் மேடத்திலிருந்து அத்தையாக மாறியிருந்தேன். செல்வராணி சோறும் கத்தரிக்காய் வெஞ்சனமும் வைத்தார். மகள் சாப்பிடவில்லை, கோபத்தில் அழுதுகொண்டிருந்தாள்.

"போன வருஷமும் இப்படித்தான அத்தே. வேன் போயிரும்னு எங்கம்மா மூட்டையோட பாலத்துல போயி நின்னுச்சு. தென்னமரத்தக் கட்டிப் புடிச்சுக்கிட்டு எம்புட்டு நேரம் தொங்குச்சு தெரியுமா? அதுக்காகத்தான் இவ்வளவும் செஞ்சேன். மொத ஆளா ஓடுது."

"வேன் அங்கதான நிக்கும்? நான் வேறெங்க போறது?" என்றார் செல்வராணி, ரசம் ஊற்றிக்கொண்டே.

காயத்ரி அழுகையை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்தாள். பிறகு தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு வேன் வந்தது. ஓட்டுபவர் ஜாபர் பாய், திண்டுக்கல் பேகம்பூர்க்காரர். நாலு மணிக்கு எழுந்த களைப்பு முகத்திலேயே இருந்தது. தரைப்பாலத்தில் வண்டியை நிறுத்தியவுடன் காயத்ரி போய் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள்.

"பாய், நாளையிலருந்து வேன மேல பள்ளிக்கூடத்துல நிப்பாட்டுங்க."

"என்னாத்துக்கும்மா? லோடோட மேட்டுல ஏத்தி எறக்கணும். டீசல் யாரு போடுறது? பத்து நிமிஷம் லேட்டாப் போனா மார்க்கெட்ல என் பூவ எவன் வாங்குவான்?"

பெண்களும் பாய் கட்சிதான். மூட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு ஏற யாருக்கு ஆசை? எனக்கே அந்த மேட்டை நினைத்தால் முழங்கால் வலித்தது.

"போன வருஷம் ஒங்க வேன் பின்சக்கரம் தண்ணிக்குள்ள நின்னுச்சுல்ல. எங்கம்மா மரத்துல தொங்குனத நீங்களும்தான பாத்தீக? ஹாரன் சத்தம் கேட்டா எல்லாரும் வர்றாங்க பாய். எங்க வரணுங்கறத மட்டும் நீங்க மாத்திக் குடுங்க."

ஜாபர் பாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மேட்டை அளந்து பார்த்தார். "பத்து நாளைக்குப் பாப்போம். வண்டி மக்கர் பண்ணுச்சுன்னா பழையபடி கீழதான்" என்றார்.

அதே வேனில் பூ மூட்டைகளுக்கு நடுவே திண்டுக்கல் வரை வந்தேன். காசு வாங்க மறுத்துவிட்டார். ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "எனக்கும் காலேஜ் போற பொண்ணு இருக்கும்மா. வீட்லயும் இதே வாய்தான்" என்றார். இது பத்து நாள் தாண்டும் என்று எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை. ஊருக்கு வந்து தைலம் தேய்த்துப் படுத்துவிட்டேன்.

இதேபோல் தங்கள் ஊரில் ஒத்திகை வைக்க நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு சொல்கிறேன். முகூர்த்தத்துக்கு முதல் நாள் வைக்காதீர்கள். போஸ்டர் அடிக்கும் முன்னால், உங்கள் ஊர் ஆட்கள் தினமும் எதற்காக, எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்று உட்கார்ந்து பாருங்கள். வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் கன்னிவாடியில் ஐந்து மணிக்குள் திரும்பும் பேருந்தைப் பிடித்துவிடுங்கள். மேடு ஏற முழங்கால் பட்டை கொண்டுபோங்கள்.

இதை எழுதாமல் போட்டு வைத்திருந்தேன். ஐப்பசியில் ஒருநாள் காயத்ரி போன் செய்தாள், அதனால்தான் எழுதுகிறேன். பாய் பத்து நாளுக்குப் பிறகும் மேட்டிலேயே நிறுத்தியிருக்கிறார். சனங்கள் திட்டிக்கொண்டே ஏறிப் பழகிவிட்டார்கள். சாவியும் திரும்பக் கிடைத்திருக்கிறது. அன்று மதியம் ஊரில் நல்ல வெயில். மேலே மாந்தோப்பில் இருந்த அவர்கள் குழுப் பெண் ஒருத்தி, ஓடை பெருகி வருகிறது என்று போனில் கத்தியிருக்கிறாள். மைக்கில் ஹாரனைப் போட்டிருக்கிறார்கள். தோட்டத்தில் நின்றவர்கள் பாலத்தைத் தாண்டி அரக்கப் பரக்க மேட்டுக்கு ஏறியிருக்கிறார்கள். கடைசி ஆள் ஏறிய கொஞ்ச நேரத்தில் தரைப்பாலம் தண்ணீருக்குள் போய்விட்டது.

"ஒருத்தர் பாக்கி இல்ல அத்தே" என்றாள்.

பின்னால் செல்வராணியின் குரல் கேட்டது. "இந்த மேட்டுல மூச்சு முட்ட ஏற வச்சுட்டு, வேனக் காணோம்! பறிச்ச பூவெல்லாம் வாடுது. இனிமே இவ பேச்சக் கேட்டேனா பாரு!"

எதற்கும் பொறுமை இல்லாதவள் நான். அந்தத் திட்டை மட்டும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தேன்.