துண்டு துண்டாக ஒரு நல்வரவு

அமெரிக்காவில் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் தோசைக்கல் முன்னால் நின்ற வேலையை மதியம் விட்டுவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஹைவே ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். தங்கும் இடம் கடையின் மாடிதான் என்பதால் அதுவும் போயிற்று. அந்த ஊரில் யாரும் நடப்பதில்லை. கடைக்கு வாடிக்கையாக வரும் அங்கிள் ஒருவர் காரை நிறுத்தினார்.

"என்ன தம்பி, கார் பிரேக்டவுனா?"

"கார் இல்ல அங்கிள். வேலையும் இல்ல."

ஏறிக்கொண்டேன். டாஷ்போர்டு முழுக்க இத்தாலியச் சொற்கள் எழுதிய சின்னச் சின்ன அட்டைகள். அவருடைய மகள் ஓர் இத்தாலியக் குடும்பத்துப் பையனைக் கல்யாணம் பண்ணப் போகிறாள். சம்பந்தி வீட்டார் அன்று மாலை முதன்முதலாக வருகிறார்கள். அவர்களை அவர்கள் மொழியிலேயே வரவேற்க மூன்று மாதமாகப் படிக்கிறாராம்.

"எல்லாம் வேர்ல இருக்கு. பானேன்னா ரொட்டி. அதைச் சின்னதாக்குனா பானெத்தோ. அந்தச் சின்னதை மறுபடி பெரிசாக்குனா பானெத்தோனே, அவங்க கிறிஸ்துமஸ் கேக். பிரிச்சா பா-நெத்-தோ-நே." ஒவ்வோர் அசைக்கும் ஸ்டியரிங்கில் ஒரு தட்டு. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள்.

நான் ஒன்பதாவதோடு நின்றவன். ஆனால் இத்தாலியில், நேப்பிள்ஸில் ஒரு சமையலறையில் இரண்டு வருஷம் பாத்திரம் கழுவியிருக்கிறேன். அங்கே யாரும் அசை பிரிக்கவில்லை. வசவு முழுதாகவே வந்து விழும். அதைச் சொன்னதும் கார் இன்னும் மெதுவானது.

"அப்போ நீ என் பேச்சைக் கேட்டுத் திருத்து. பேஸ்மென்ட்ல படுத்துக்கலாம்."

வீட்டில் ஆன்ட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். "முப்பது வருஷத்துல எங்க அப்பாகிட்ட இவர் சேர்ந்தாப்ல நாலு வார்த்தை பேசுனதில்ல. சம்பந்திக்கு மட்டும் ஸ்பீச்சாம்!"

அங்கிள் காதில் வாங்கவில்லை. "பென்வெனூதி. பெனேன்னா நல்லா, வெனூதின்னா வந்தவங்க. அப்படியே நம்ம நல்வரவு!" அதைக் கண்டுபிடித்ததில் அவருக்கு அவ்வளவு பெருமை. பேச்சில் திருத்த அதிகம் இருக்கவில்லை. மூச்சு விடத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

மாலை சம்பந்தி மனைவியோடு வந்தார். சொந்தமாக பேக்கரி வைத்திருப்பவர், வாசலை அடைக்கும் உடம்பு. சாம்பார் பரிமாறும் முன் அங்கிள் எழுந்து, விரலால் மேஜையைத் தட்டித் தட்டி முழுப் பேச்சையும் பேசி முடித்தார்.

சம்பந்தி தன் மனைவியைப் பார்த்தார். பிறகு ரொம்ப மரியாதையாக ஆங்கிலத்தில் சொன்னார்: அழகாக இருக்கிறது, இதுதான் தமிழா?

அங்கிள் உட்கார்ந்துவிட்டார். கை அட்டையைத் தேடியது. மகள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். வேறு வழி தெரியாமல், நான் அந்தப் பேச்சை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன்: நன்றாக வந்தவர்களே, எங்கள் ரொட்டி இனி உங்கள் ரொட்டி.

சம்பந்தி சாப்பிடவில்லை. தன் அப்பா மாவு பிசையும்போது இப்படித்தான் பேசுவார் என்றும், பிள்ளைகளான தாங்கள் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லி அந்த மொழியைத் தொலைத்துவிட்டதாகவும் சொன்னார். பிறந்ததிலிருந்து அப்பாவின் தமிழுக்கு ஆங்கிலத்திலேயே பதில் சொல்லி வந்த மகள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு முறை, மெதுவாக," என்று கேட்டார் சம்பந்தி.

மெதுவாகச் சொல்வதில் அங்கிளை யார் வெல்ல முடியும்? "பென்," என்றார். சம்பந்தியும் "பென்" என்றார். "வெ." "வெ." சாம்பார் ஆறிப்போயிற்று. ஆன்ட்டி சிரிப்பை அடக்க அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கிளம்பும்போது சம்பந்தி என்னிடம் இத்தாலிய மொழியை எங்கே படித்தாய் என்று கேட்டார். பாத்திரம் கழுவும் தொட்டியில் என்றேன். தன் பேக்கரியிலும் ஒன்று இருக்கிறது என்றார்.

மறுநாள் காலை அங்கிளே கொண்டுபோய் விட்டார். சம்பந்தியின் பேக்கரியில் கேக் அச்சுகளைக் கழுவும் வேலை. பானெத்தோனே அச்சு ஆழமானது. கை முழங்கைவரை உள்ளே போகும்.