எட்டு அடுப்பு வைத்த மரண மண்டபம்

மாயாண்டி காலையில் வேகமாக நடந்து வந்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரும் "வாங்க" என்று சொல்வதில்லை. "யாரு?" என்றுதான் கேட்பார்கள். மரண உதவிச் சங்கத்துக்கு அவர் செயலாளர். யாராவது இறந்தால் சவப்பெட்டிக்குச் சொல்வது, கொட்டகை போடுவது, பூண்டுலோயா கடைவீதிக்கு ஆள் அனுப்புவது, வெளித்தோட்டத்துச் சொந்தங்களுக்குப் போன் எடுப்பது எல்லாம் அவர் வேலை. நோயாளி இருக்கும் வீட்டுக்கு அவர் சும்மா போகவும் முடியாது. "எங்கம்மா எந்திரிச்சு உக்காந்த பெறகு வாங்க மாமா, இப்ப வேணாம்" என்று ஒருத்தி முகத்துக்கு நேரே சொன்னாள். அவர் கோபப்படவில்லை. குடையை மடக்கிக்கொண்டு அப்படியே திரும்பிப் போனார்.

செடிகளைக் கவ்வாத்து வெட்டி ஓய்ந்த மனிதர். மெலிந்தவர். பேசும்போது எதிரில் இருப்பவரின் தோளுக்கு மேலே எதையோ பார்ப்பார். மனைவி ராசம்மாவும் கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் கொழும்பில் தையல் ஆலையில் இருக்கிறாள். அவளுடைய பெண் சுலக்ஷனாவைத் தாத்தாவும் பாட்டியும் வளர்க்கிறார்கள். பேத்தி பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு வந்துவிட்டாள்.

அவர்கள் இருப்பது ஐந்தாம் நம்பர் லயத்தில். ஒரே கூரையின் கீழ் வரிசையாக எட்டுக் காம்பரா, ஆளுக்கொரு அறையாக எட்டுக் குடும்பம். ஒரு மழைக்காலத்தில் லயத்துக்குப் பின்னால் மலை வாய் பிளந்தது. மண்சரிவைப் பார்க்கிறவர்கள் வந்து அளந்தார்கள், சுவரில் சிவப்பு மையால் ஒரு குறி போட்டார்கள், இங்கே யாரும் இருக்கக்கூடாது என்றார்கள். எங்கே இருக்கலாம் என்பது அவர்களுடைய வேலை இல்லை. கொஞ்ச நாள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படுத்தார்கள். பள்ளி திறந்ததும் சட்டி பானையோடு அதே லயத்துக்குத் திரும்பினார்கள்.

வீடு வராமல் இல்லை. வந்துகொண்டே இருக்கிறது. ஏழு பேர்ச் காணியோடு தனி வீடு என்று ஒரு அரசாங்கம் வந்து விளையாட்டுத் திடல் ஓரத்தில் அடிக்கல் நாட்டியது. அடுத்த அரசாங்கம் வந்து பக்கத்தில் இன்னொன்று நாட்டியது. இப்போது பையன்கள் அந்த இரண்டு கல்லுக்கும் நடுவில்தான் கோல் போடுகிறார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் கடலில் இருந்து பணம் வந்தது.

கொண்டுவந்தவர் சிவகௌரி என்ற திட்ட அலுவலர். யாழ்ப்பாணத்துக்காரர், நுவரெலியாவில் வேலை. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் எங்களை உட்கார வைத்து விளக்கினார்.

"வடக்குப் பக்கம் கடலுக்குள்ள பெரிய காத்தாடியள் நடப்போயினம். கரண்டுக்கு. கடலை எடுக்கிற கொம்பனி சனத்துக்கும் ஒரு பங்கு குடுக்கவேணும் எண்டு அரசாங்கம் சொல்லியிருக்கு. சமூக நிதி. அதில கொஞ்சம் மலைநாட்டுக்கும் ஒதுக்கியிருக்கினம்."

மரண உதவிச் சங்கத்தின் தலைவர் வீரய்யா எழுந்தார். அவர் வாயைத் திறந்தால் முன்கூட்டியே சிரிப்பதற்கு நாலு பேர் உண்டு.

"தண்ணிக்குள்ள நட்டா எப்புடி தாயி நிக்கும்? எங்களுக்கு மண்ணுல நட்டதே நிக்க மாட்டேங்குது."

சிவகௌரியும் சிரித்துவிட்டார். பிறகு எதையோ தேடுவது போலப் பைக்குள் குனிந்துகொண்டார்.

மாயாண்டி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப எங்க லயத்து எட்டுக் குடும்பத்துக்கும் வீடு கட்டிக்கலாங்களா?" என்று கேட்டார்.

"வீடெண்டா அது வேற அமைச்சு ஐயா. வேற நிதி. இது எல்லாருக்கும் பொதுவான ஒண்டுக்குத்தான். அதுவும் பதிஞ்ச சங்கம் ஒண்டின்ர கணக்குக்குத்தான் போடலாம். உங்களிட்ட என்ன சங்கம் இருக்கு?"

கோயில் கமிட்டி இரண்டாக உடைந்து வழக்கில் இருந்தது. இளைஞர் மன்றம் பதிவைப் புதுப்பிக்கவில்லை. வங்கிக் கணக்கும் முத்திரையும் ஒழுங்காக உள்ள சங்கம் தோட்டத்தில் ஒன்றே ஒன்றுதான். உயிரோடு இருப்பவர்களுக்கென்று எங்களிடம் ஒரு சங்கமும் இல்லாமல் போனதை அன்றைக்குத்தான் கவனித்தோம்.

"மரண உதவிச் சங்கம் எண்டா மரணத்துக்குத்தான் செலவழிக்கேலும்" என்றார் சிவகௌரி. மெதுவாகத்தான் சொன்னார். அவர் என்ன செய்வார்.

அடுத்த ஞாயிறு மாயாண்டி சங்கக் கூட்டத்தைக் கூட்டினார். மரண மண்டபம் கட்டலாம் என்றார். அவர் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மை. காம்பராவுக்குள் பிணத்தைக் கிடத்தினால் கால் வாசல் இஸ்தோப்புக்கு வந்துவிடுகிறது. அழ வருகிறவர்கள் மழையில் நிற்கிறார்கள். கருமாதிவரை தலைமாட்டு விளக்கை அணையாமல் பார்க்க வேண்டும், அந்த விளக்குக்குப் பக்கத்திலேயே சோறாக்கிச் சாப்பிட்டுப் படுக்கவும் வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு அவர் பேப்பரை விரித்துக் காட்டினார். திடலுக்கு மேலே, சரியாத பாறைத் தட்டில் நீளமான மண்டபம். பின் சுவரை ஒட்டி வரிசையாக அடுப்பு மேடை.

வீரய்யா எண்ணிப் பார்த்தார். "செத்தவனுக்கு எதுக்குய்யா எட்டு அடுப்பு?"

"துக்கத்துக்கு வர்றவனுக்குப் பசிக்காதா?"

"எட்டு ஊருலேருந்தா வர்றான், ஆளுக்கொரு அடுப்பு கேட்டு?"

கூட்டம் சிரித்தது. ஐந்தாம் லயத்துக்காரர்கள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கண்டதும் வீரய்யாவின் முகம் மாறிவிட்டது. "சரி, கட்டிட்டுப் போங்க. பெரிய துக்கமா வந்தாலும் வரும்" என்று அவரே முதலில் கையைத் தூக்கினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டினோம். பெண்கள் கல் சுமந்தார்கள். ராசம்மா மட்டும் சுமக்கவில்லை. அவருக்கு இதயத்தில் கோளாறு, பாதம் வீங்கும், நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். ஒரு கல்லில் உட்கார்ந்து, "அந்தா அந்த மூலை என்னோட அடுப்பு. கரி புடிக்காம மேசன் வேலை செய்யணும், சொல்லிப்புட்டேன்" என்று மேற்பார்வை செய்தார்.

கட்டத் தொடங்கும் முன்பே தோட்டத் துரை மண்டபத்துக்கு இடம் கொடுத்திருந்தார். கொடுத்த கடிதத்தில் துக்க காரியங்களுக்கு மட்டும், யாரும் குடியிருக்கக் கூடாது என்று இருந்தது. குடியிருந்தால் காணி கேட்பார்கள் என்ற பயம். திறப்பு விழாவுக்கு மறுநாளே எட்டுக் குடும்பமும் பாய்களோடு ஏறிப் போனார்கள். கண்டாக்கு சுதாகரன் வந்து இறக்கிவிட்டார். கண்டாக்கு என்றால் எங்களுக்கு மேலே, துரைக்குக் கீழே. அவரும் லயத்தில் பிறந்தவர்தான், வேறு தோட்டம். "என்னைய வேலைய விட்டு அனுப்பிருவாங்க மாமா. பெரட்டுல இத்தன பேரு முன்னால தொர ஏசுனா நான் என்னா செய்யிறது?" என்று மாயாண்டியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். பிறகு பூட்டினார். சாவி ஆபீசில். சாவு விழுந்தால் போய் வாங்கிக்கொள்ளலாம்.

மழை தொடங்கியது. மூன்றாம் காம்பரா சிவசாமித் தாத்தா இறந்தார். வயதான சாவு. சாவி வந்தது. எட்டுக் குடும்பமும் பிணத்தின் பின்னால் மண்டபத்துக்குள் வந்தார்கள். அடக்கம் முடிந்தும் யாரும் இறங்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சுதாகரன் வாசலில் நின்று கேட்டார். "இத்தன பேரும் அவருக்குச் சொந்தமா?"

"எனக்கு மாமன் முறை" என்றார் மாயாண்டி. "இவங்களுக்குச் சித்தப்பா. அந்தா, அவங்களுக்குப் பெரியப்பா."

"நீங்க?"

கைக்குழந்தையோடு நின்ற நிஷாந்தி அக்காவைக் கேட்டார். "தாத்தா எங்கூடப் பேசிப் பத்து வருசம் ஆச்சுங்க ஐயா, கோழிச் சண்டையில" என்றார் அவர். "அதுனால நான்தான் ரொம்ப அழுவணும்."

சுதாகரன் உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டார். கருமாதிவரை யாரையும் கிளப்ப முடியாது. அது துரைக்கும் தெரியும்.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் ஐந்தாம் லயத்தின் கடைசிக் காம்பராவில் பின் சுவர் உள்ளே விழுந்தது. கூடவே மலையில் ஒரு துண்டும் வந்தது. அடுப்பு இருந்த இடத்தில் ஒரு மரத்தின் வேர் மேல்நோக்கிக் கிடந்தது. உள்ளே யாரும் இல்லை. நாங்கள் போய் நின்று பார்த்தோம்.  வீரய்யா குனிந்து மண்ணிலிருந்து ஒரு கரண்டியை எடுத்துத் துடைத்தார். படம் எடுத்து வீடமைப்பு அமைச்சுக்கு அனுப்பினோம். மிகவும் வருந்துகிறோம், அடுத்த ஆண்டு வீடமைப்பு ஒதுக்கீட்டில் முன்னுரிமை தரப்படும் என்று பதில் வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. மண்டபம் பூட்டப்பட்டது. ஏழு காம்பராவுக்குள் எட்டுக் குடும்பம் போய் அடைந்தது. சுவர் விழுந்த குடும்பத்தில் பாதிப் பேர் மாயாண்டி வீட்டில்.

அதற்குப் பிறகுதான் லயத்தில் ஒரு மாற்றம் வந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. மழை கூடும் என்று ரேடியோவில் சொன்ன நாட்களில் அதிகம் பேர் ராசம்மாவை நலம் விசாரிக்க வந்தார்கள். மோசமான எண்ணம் எதுவும் அவர்களுக்கு இல்லை. கஞ்சி கொண்டுவந்தார்கள், தலை வாரிவிட்டார்கள். ஆனால் பேசிக்கொண்டே கண் கீழே இறங்கி அவர் பாதத்தில் நிற்கும். வீக்கம் ஏறியிருக்கிறதா என்று.

ராசம்மாவுக்கு அது தெரிந்திருந்தது. "இன்னும் கணுக்கால்லதான் நிக்குது நிஷாந்தி, மேல ஏறல" என்று ஒருநாள் சொன்னாராம். நிஷாந்தி அக்கா கஞ்சிச் சட்டியை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்து அழுதார்.

மாயாண்டி வீட்டுச் சுவரில் ஒரு வெடிப்பு இருந்தது. முதலில் விரல் போகும். பிறகு கை போனது. அதை அடைப்பதற்காக அவர் மண் குழைத்துக்கொண்டு வந்தார். கையை உள்ளே விட்டபோது மாத்திரைகள் உதிர்ந்தன. வெள்ளை, மஞ்சள், பாதியாக உடைத்தது. சில ஈரத்தில் ஊறி மண்ணோடு ஒட்டியிருந்தன.

"என்னாடி இது?"

"செவுத்துக்கும் சுகமில்ல போல" என்றார் ராசம்மா.

"வெளாடாத. எத்தன நாளா நடக்குது இது?"

"இந்தாங்க, சத்தம் போடாதீங்க. புள்ள முழிச்சுக்கும்." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுப் பேசினார். "நான் போனா மண்டபம் தெறப்பாங்க. இந்த மழை போற வரைக்கும் போதும். சிவசாமி மாமா அப்ப போகலைன்னா அன்னிக்கு அந்தக் குடும்பத்துல ஒன்னு மிஞ்சியிருக்குமா? நீங்களே சொல்லுங்க."

 மாயாண்டி கையில் மண்ணோடு நின்றார். எத்தனையோ சாவை ஒழுங்காக நடத்திக் கொடுத்தவர்.   குழைத்த மண்ணை அப்படியே வாசலில் கொட்டிவிட்டு வெளியே போனார்.

மறுநாள் விடிந்ததும் அவர் வேகமாக நடந்து வந்தார். "யாரு?" என்று கேட்டார் வீரய்யா. "வா, அலவாங்க எடு" என்றார் மாயாண்டி.

கடப்பாரையின் ஒரே நெம்பில் பூட்டு கழன்றது. ராசம்மாவை நாற்காலியில் உட்கார வைத்து நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு ஏறினோம். மழை தூறியது. சுலக்ஷனா பள்ளிக்கூடப் பையால் பாட்டியின் தலையை மூடிக்கொண்டே கூட வந்தாள். பிணம் கிடத்துகிற இடத்தில் மாயாண்டி பாயை விரித்தார். தெற்கே தலை வைத்துப் படுக்க வைத்தார். தலைமாட்டில் விளக்கை ஏற்றினார். பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி "ஐயோ" என்று வாயைப் பொத்தினாள்.

"மாத்திரைய முழுங்கு" என்றார் மாயாண்டி. தண்ணீரை வாயில் ஊற்றி, விழுங்கும்வரை பார்த்திருந்து, "நாக்கத் தூக்கு" என்றார். ராசம்மா தூக்கினார். பின்னால் எட்டுக் குடும்பமும் சட்டி பானையோடு ஏறி வந்துகொண்டிருந்தது.

சுதாகரன் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். விளக்கைப் பார்த்ததும் வாசலிலேயே காலிலிருந்த சப்பாத்தைக் கழற்றினார், தொப்பியை எடுத்தார்.

"அத்தையா?" என்றார். "எப்ப போனாங்க?"

"வாங்க தம்பி" என்றார் ராசம்மா படுத்தபடியே. "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

சுதாகரன் ஓரடி பின்னால் போனார். 

"என்னா மாமா இது? உசுரோட இருக்காங்களே."

"ஆமா. போய்க்கிட்டு இருக்கா" என்றார் மாயாண்டி. "மரணத்துக்கு மட்டும்னுதான தொர எழுதியிருக்காரு. எவ்வளவு சீக்கிரம் சாகணும்னு எழுதல."

"நான் தொரைக்கு என்னா சொல்றது?"

"பாத்தத சொல்லுங்க. வெளக்கு எரியிது, ஆளு படுத்திருக்காங்கன்னு சொல்லுங்க. பொய்யில்லையே."

சுதாகரன் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். கொஞ்ச தூரம் போன பிறகும் அதைப் போட்டுக்கொள்ளவில்லை.

அவர் துரையிடம் என்ன சொன்னார் என்று எங்களுக்குத் தெரியாது. யாரும் பூட்டு கொண்டு வரவில்லை. ஆபீசிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்க்கும், போகும். விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதை ஆளுக்கொரு நாள் என்று குடும்பங்கள் பிரித்துக்கொண்டார்கள். மாயாண்டி காலையும் மாலையும் மாத்திரை கொடுக்கிறார், நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறார். ராசம்மாவின் வீக்கம் வடிந்திருக்கிறது.

போன வாரம் நல்ல வெயில். ராசம்மா தானே எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்து வந்தார். மூச்சு வாங்கவில்லை. வெயிலில் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார். அடுப்புகளுக்கு முன்னால் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கீழே ஆபீசிலிருந்து ஏறிவரும் பாதையில் யாரோ வருவது தெரிந்தது.  நிஷாந்தி அக்கா எழுந்து போய், பாயை ஒரு தரம் உதறித் தெற்கு பார்த்து விரித்தார்.

ராசம்மா அதைப் பார்த்தார். திரும்பி வந்து படுத்துக்கொண்டார்.