துளசிங்கத்தின் வரும்படியும் ஒரு ஜோடிக் கம்மலும்

துளசிங்கத்தின் கையில் காசு இருக்கிறதா என்று அவனிடம் கேட்க வேண்டியதில்லை. அவன் மனைவி சுலோச்சனாவின் காதைப் பார்த்தால் போதும். கல் வைத்த கம்மல் இருந்தால் வரும்படி உண்டு. வேப்பங்குச்சி இருந்தால் கம்மல் சேட்டு கடையில் அடகு. துளை தூர்ந்துபோகாமல் இருக்கத்தான் குச்சி. எங்கள் தெருவில் பல பெண்களின் காது அப்படித்தான் இருந்தது.

அறுபதுகளில் அவன் திருத்தணி ஸ்டேஷனிலிருந்து மலையடிவாரத்துக்கு ஜட்கா ஓட்டினான். கிருத்திகைக்குக் கிருத்திகை கூட்டம். ஆடிக் கிருத்திகையில் குதிரைக்கு மூச்சுவிட நேரமிருக்காது. நடுவில் ஈ ஓட்ட வேண்டியதுதான். ஆனால் அந்த வெறும் நாட்கள் எப்போது வரும் என்று சுலோச்சனாவுக்குத் தெரியும். அரிசியை முன்கூட்டியே வாங்கி வைப்பாள். அடகுக்குப் போன கம்மல் அடுத்த கிருத்திகைக்குத் திரும்பிவிடும்.

பிறகு பஸ்கள் பெருகின. குதிரையை விற்றான். சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் மாதங்களில் கரும்பு இறக்கினான். மழை பொய்த்த வருஷம் அரவை பாதியிலேயே நின்றது. பள்ளிப்பட்டுப் பக்கம் விசைத்தறிகளுக்கு நூல் மூட்டை சுமந்தான். நூல் விலை ஏறினால் மூட்டை வராது. நல்ல வாரமும் கெட்ட வாரமும் முன்பும் உண்டு. எது எப்போது வரும் என்பதுதான் இப்போது தெரியாமல் போயிற்று. காதில் குச்சி தங்கும் மாதங்கள் நீண்டன.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிக்கு சுலோச்சனா வந்தாள். காது மடல் வீங்கிச் சீழ் வைத்திருந்தது.

"குச்சிய எடுத்துடு. புண்ணு ஆறட்டும்" என்றேன்.

"எடுத்தா தூந்துபூடும் நர்சம்மா. நாளைக்கு கம்மல் வந்தா எங்க மாட்டறது, மூக்குலயா?"

"சீழு தலைக்கு ஏறுனா மாட்டறதுக்குத் தலையே இருக்காது. காட்டு."

குச்சியை எடுத்துவிட்டு நான் மருந்து வைக்கும்போது சொன்னாள். அரிசி ஆலையில் வாட்ச்மேன் வேலை காலியாம். சம்பளம் கொஞ்சம்தான், ஆனால் மாதாமாதம். துளசிங்கம் மாட்டேன் என்கிறானாம்.

"ஆடிக் கிருத்திகைல மூட்டை தூக்குனா அத்த ஒரே வாரத்துல சம்பாரிச்சுடுவேன்றாரு. மீதி வருஷம் இன்னாத்த துன்றது?"

ஆடிக் கிருத்திகை வந்தது. மலைக்கடைகளுக்குச் சரக்குத் தூக்கி நன்றாகவே சம்பாதித்தான். கம்மலை மீட்டு, கையோடு அவளையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்து வந்தான். காது ஆறியிருந்தது. துளையும் தூர்ந்திருந்தது.

"ஊசியால தொளைச்சு வுடுங்க நர்சம்மா. வெறுங்காதோட சுத்திகினு எம்மானத்த வாங்கறா."

"வாணாம்" என்றாள் சுலோச்சனா.

"இன்னாடி வாணாம்?"

"கம்மல் காதுல ஏறுனா ஒனக்குக் குளுந்துபூடுது. மாசச் சம்பளத்துக்குப் போமாட்ட. நீ மொதல்ல வேலைக்குப் போ. நான் அப்பறம் தொளைச்சுக்கறேன்."

அவன் என்னைப் பார்த்தான். காது அவளுடையது. நான் ஊசியைத் தட்டிலேயே போட்டுவிட்டேன்.

மறு வாரம் அவன் அரிசி ஆலையில் சேர்ந்தான். முதலில் சம்பளம் தேதி தவறாமல் வந்தது. சுலோச்சனாவும் தை மாதம் துளைத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். தைக்கு முன்பே நெல் வரத்து குறைந்தது. பாதிச் சம்பளம் தந்தார்கள். அப்புறம், மிஷின் ஓடும் நாட்களில் மட்டும் வந்தால் போதும் என்றார்கள். கம்மல் பெட்டியிலிருந்து நேராகச் சேட்டு கடைக்குப் போனது.

மார்க்கெட்டில் அவளைப் பார்த்தபோது கேட்டேன்.

"வேலைக்குப் போறாரா?"

"ஆங், கூப்பிட்டா போறாரு."

"காது?"

தொட்டுப் பார்த்துக்கொண்டாள். மடல் வழவழவென்று ஒட்டியிருந்தது.

"இருக்கட்டும் நர்சம்மா. கம்மல் வந்துகினும் போய்கினும் கெடக்கட்டும். காதாவது ரணமாவாம கீது."

கத்திரிக்காயைப் புழு பார்த்துப் பொறுக்க ஆரம்பித்தாள்.