இன்னொரு தரம் பார்க்கலாமா?

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் பெங்களூரில் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்த்தேன். வெளிநாட்டுத் தமிழ்க் குழந்தைகள் இணையத்தில் தமிழ் வாசிக்கப் பழகும் பாடங்களை அங்கே தயாரித்தோம். அவற்றில் பேசும் குரல் என்னுடையது. குழந்தை தவறாக அழுத்தினால், “பரவாயில்ல கண்ணு, இன்னொரு தரம் பார்க்கலாமா?” என்று அந்தக் குரல் கேட்கும். அந்த ஒரு வரியையே ஒரு பகல் முழுக்கப் பதிவு செய்தோம். “சிரிச்சிக்கிட்டே சொல்லுங்க மேடம், குரல்ல தெரியும்” என்பார் ஒலிப்பதிவாளர்.

என் மகளுக்குப் பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும்தான். தமிழை வீட்டில் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு மாலை, சிவாஜிநகரில் பஸ் மாறி, நின்றபடியே பயணம் செய்து வீடு வந்திருந்தேன். ‘ஞாயிறு’ என்ற சொல்லில் அவள் மறுபடி மறுபடி தடுமாறினாள்.

“எத்தன வாட்டிடி சொல்றது? மண்டையில ஏறவே ஏறாதா?” என்று கத்திவிட்டேன்.

அவள் அழவில்லை. புத்தகத்தை மூடினாள். கம்ப்யூட்டரில் எங்கள் பாடத்தைத் திறந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

“நான் இந்த அம்மாகிட்டயே படிச்சிக்கிறேன். இந்த அம்மா திட்டாது.”

ஹெட்போனிலிருந்து கசிந்த என் குரல் எனக்கும் கேட்டது. “பரவாயில்ல கண்ணு...” அதற்கு அவள் தலையாட்டினாள்.

எனக்குப் பொறுமையே கிடையாது என்றுதான் அதுவரை எல்லாரிடமும் சொல்லிவந்தேன். இருந்திருக்கிறது. முகம் தெரியாத பிள்ளைகளுக்கு அதை முழுக்கக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன்.