இரண்டாவது கையெழுத்து

கீரனூர்ப் பேருந்து நிலையத்தில் நண்பகல் வெயிலில் புதுக்கோட்டை வண்டிக்குக் காத்திருக்கிறேன். அருகில் ஒருவர், விமான நிலையச் சீட்டு கிழிக்கப்படாத பெட்டியோடு அமர்ந்திருக்கிறார். வளைகுடாவில் சிறிய பயணிகள் வானூர்திகளைப் பழுதுபார்ப்பவராம். திருச்சி நோக்கித் தாழும் வானூர்தியை நான் அண்ணாந்து பார்க்கவே, பேசத் தொடங்குகிறார்.

"வால்ல இருக்கிற பலகைக்கெல்லாம் கம்ப்யூட்டர் வழியாத்தான் கட்டளை போகுதுங்கய்யா. றெக்கை ஓரத்துப் பலகைக்கு மட்டும் இன்னும் இரும்புக் கம்பி. பைலட் திருப்புனா கம்பி இழுக்கும், எண்ணெய் அழுத்தம் பலகையைத் தூக்கும்."

"கம்பி இடம் மாறினால்?"

"இடது பக்கம் திருப்புனா வலது பக்கம் சாயும்."

ஆகவே, ஒருவர் கம்பியைப் பூட்டினால், மற்றொருவர் தனியே சென்று சோதித்த பின்னரே இரண்டாவது கையெழுத்திட வேண்டும் என்பது விதி.

"பூட்டுனவரு நம்ம பக்கத்து ஊரு குன்றாண்டார்கோவில் ஆளுங்க. போய்ப் பார்த்தா, ஒன்னைய நம்பலைன்னு சொன்ன மாதிரி ஆயிடுமேன்னு, இருந்த எடத்துலயே போட்டுட்டேன்."

கம்பிகள் மாறியிருந்தன. புறப்படுமுன் விமானி கண்டுகொண்டதால் எவருக்கும் தீங்கில்லை. இருவருக்கும் வேலையும் உரிமமும் போயின.

"வீட்டில் அறிவார்களா?"

"லீவுல வாரேன்னு சொல்லியிருக்கேன்."

வீடு நடக்கும் தொலைவுதான். காலை முதல் இங்கேயே அமர்ந்திருக்கிறார்.

அவருடைய கைப்பேசி ஒலிக்கிறது, மகள் அழைக்கிறாள். பெட்டியின் சீட்டை விரலால் நீவியபடியே பேசுகிறார்.

"இல்லத்தா. பிளைட்டு இப்பத்தான் எறங்குச்சு, பொட்டி இன்னும் வரல."