பெரியப்பாவின் கட்டைவிரல் நகம்

வலது கைக் கட்டைவிரல் நகத்தை இஞ்சின் பிளாக்கின் மேல்தளத்தில் ஊன்றி, பெரியப்பா மெல்ல இழுக்கிறார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. பிறகு குறுக்கே. பிறகு மூலைக்கு மூலை. இழுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். எங்காவது ஒரு கோடு, ஒரு பள்ளம், இயந்திரம் தடுமாறிய சின்னத் தழும்பு நகத்தில் மாட்டாதா என்று தேடுகிறார். மாட்டவில்லை. கண்ணைத் திறக்கும்போது முகம் கொஞ்சம் வாடியிருக்கிறது.

மற்ற மெக்கானிக்குகள் இப்படித் தேடி ஒன்றும் கிடைக்காவிட்டால் சந்தோஷப்படுவார்கள். பெரியப்பாவுக்கு மட்டும் ஏமாற்றம். ஏனென்றால் அந்தத் தளத்தைச் சீவி அனுப்பியவர் அவருடைய தம்பி. அந்தத் தம்பிதான் என் அப்பா.

மற்ற நகங்களையெல்லாம் ஒட்ட வெட்டிவிடுவார். இந்த ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கிறார். டீசலில் நனைந்து நனைந்து மஞ்சளாகி, நுனி வளைந்து, பார்க்க ஒரு சின்னக் கரண்டி போல இருக்கும். "அந்த நகத்த வெட்டிட்டு வந்து தட்டுல கை வைங்க" என்று பெரியம்மா சொல்லாத நாள் இல்லை. "இது நகமில்ல, சாமான்" என்பார் பெரியப்பா. "அப்போ அத டப்பாவுல போட்டுப் பூட்டிட்டு வாங்க" என்பார் பெரியம்மா.

இரண்டு பட்டறைகளுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். முன்பு எல்லாம் ஒன்றாக இருந்தபோது இயந்திரத்தின் பெல்ட் ஓடிய சதுர ஓட்டை அந்தச் சுவரில் இன்னும் இருக்கிறது. பாகம் பிரித்தபோது முதலில் எடுத்துக்கொள்ளும் உரிமை மூத்தவருக்குத்தான் கிடைத்தது. ஸ்பேனர்கள், ஜாக்கி, இஞ்சின் தூக்கும் சங்கிலி எல்லாவற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, மூலையில் கிடந்த பழைய கடைசல் இயந்திரமான லேத்தைக் காட்டி, "அந்த இரும்புக் குப்பைய நீயே வெச்சுக்கடா" என்றாராம். அந்தக் குப்பை குட்டி போட்டுவிட்டது. அப்பா பக்கம் இப்போது தளம் சீவும் இயந்திரம் ஒன்றும் துளை போடும் இயந்திரம் ஒன்றும் நிற்கின்றன. தூரத்து ஊர்களிலிருந்து சாக்கில் சுற்றிய இஞ்சின்களோடு ஆட்கள் வருகிறார்கள். வந்தவர்கள் முதலில் எட்டிப் பார்ப்பது பெரியப்பாவின் கேட்டைத்தான்.

"அண்ணே, இங்க லேத் பட்டறை எது?"

"தெரியலயே. அப்படியே போயி விசாரிச்சுப் பாருங்க."

அப்பாவின் பெயர்ப்பலகை அங்கிருந்தே தெரியும்.

வீட்டில் இருவரும் அப்படியில்லை. ஒரே தட்டில் கை வைக்கிற சிநேகம். அப்பாவுக்கு இருமல் வந்தால் வெந்நீர் போடச் சொல்லி விரட்டுகிறவர் பெரியப்பாதான். பட்டறை கேட்டைத் தாண்டிவிட்டால் மட்டும் இருவருக்கும் நேர்ப்பேச்சு கிடையாது. எல்லாம் மூன்றாவது ஆள் வழியாகத்தான். பள்ளிக்கூடம் முடிந்து, அடுத்து எங்கே என்று தெரியாமல் இரண்டு பட்டறைகளுக்கும் நடுவே அலைகிற நான்தான் பெரும்பாலும் அந்த மூன்றாவது ஆள். "உங்கப்பன்கிட்ட சொல்லு" என்று பெரியப்பா ஆரம்பிப்பார். சுவர் ஓட்டை வழியாக அப்பாவுக்கே எல்லாம் கேட்கும். இருந்தாலும் நான் போய்ச் சொல்ல வேண்டும்.

தம்பியின் வேலையை யாராவது புகழ்ந்தால் மறுக்க மாட்டார். "நல்லாத்தான் பண்ணியிருக்கான்" என்பார். ஒரு போல்ட்டைத் துடைத்து முடிக்கிற நேரம் விட்டு, "நல்ல மெஷின்" என்பார்.

அப்பாவுக்கு ஒரு பழக்கம். சீவி முடித்த பிளாக்கின் பக்கவாட்டில், வெள்ளை பெயின்ட் பேனாவால் எவ்வளவு சீவினோம், இனி எந்த கேஸ்கெட் போட வேண்டும் என்று எழுதி அனுப்புவார். பெரியப்பாவுக்கும் ஒரு பழக்கம். பிளாக் வந்ததும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, டீசல் துணியால் அந்த எழுத்தைத் துடைத்துவிடுவார். "டாக்டர் சீட்டு எழுதுற மாதிரி எழுதுறான். நோயாளி என்கிட்டதானே கெடக்குறான்."

இப்போது அவர் முன்னால் கிடக்கும் நோயாளி, ரொட்டி வண்டிக்கார அக்காவின் டர்போ இஞ்சின். தண்ணீர் வற்றியது தெரியாமல் ஓட்டி, சூடேறி, இஞ்சினின் மேல்மூடியான ஹெட் வளைந்து, கேஸ்கெட் கருகி வந்த வண்டி. ஹெட், பிளாக் இரண்டையும் சீவ வேண்டியதாயிற்று. திங்கட்கிழமை வண்டி ஓடாவிட்டால் பேக்கரிக்காரர் ரொட்டி இறக்கும் ரூட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார். பெரியப்பாவுக்கு இந்த அக்கா மேல் தனி மரியாதை. லேத் பட்டறை எது என்று கேட்காமல் நேராக அவரிடமே வந்த வாடிக்கை அக்கா ஒருவர்தான். "நமக்குன்னு ஒரு வண்டி" என்று பெரியம்மாவிடம் சொல்லிக்கொள்வார்.

ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் உட்காரும் இரும்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட். இந்த இஞ்சினுக்கு அது மூன்று கனத்தில் வரும். தகட்டின் ஓரத்தில் ஒரு துளை இருந்தால் மெல்லியது, இரண்டு இருந்தால் நடுத்தரம், மூன்று இருந்தால் கனமானது. பிளாக்கைச் சீவினால் அதன் தளம் தாழ்ந்துவிடும். பிஸ்டன் அந்த அளவுக்கு மேலே எட்டிப் பார்க்கும். அதற்கு ஏற்பக் கனத்தைக் கூட்ட வேண்டும். கனம் குறைந்தால் பிஸ்டன் போய் ஹெட்டில் இடிக்கும். கூடினால் வண்டி இழுக்காமல் புகையும். "சாதா வண்டின்னா கொஞ்சம் பொறுத்துக்கும். டர்போ காத்த அள்ளி அள்ளித் திணிக்குது. இதுகிட்ட சமாதானம் பேச முடியாது" என்பார் பெரியப்பா.

பிஸ்டன் உயரம் அளக்கும் டயல் கேஜை அவர் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது ரொட்டி வண்டி அக்கா வந்தார். கையில் உறை பிரிக்காத புது கேஸ்கெட்.

"அண்ணே, வாங்கியாந்துட்டேன். ரெண்டு துளைதானே?"

பெரியப்பாவின் கை நின்றது. "யாரு சொன்னா ரெண்டு துளைன்னு?"

"நேத்து அந்தப் பட்டறையில பிளாக்க எடுத்து வைக்கயில உங்க தம்பி எழுதிட்டிருந்தாரு, பாத்தேன். உங்களுக்கு ஒரு வேல மிச்சமாகட்டுமேன்னு வாங்கிட்டேன்."

"நல்லது" என்றார் பெரியப்பா. அந்தச் சொல்லை அவர் சொன்ன விதத்தில் அதில் நல்லது எதுவும் இல்லை. "அப்படியே அவனையே பூட்டித் தரச் சொல்லியிருக்கலாமே."

"கோவிச்சுக்காதீங்கண்ணே."

"கோவம் என்ன. உக்காருங்க. நான் அளக்காம எதையும் பூட்ட மாட்டேன்."

முதல் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து கேஜை வைத்தார். முள் நகர்ந்தது. இரண்டு துளைக்கான அளவு. இரண்டாவதும் அதே. மூன்றாவதும் அதே. ஒவ்வொன்றுக்கும் அவர் தோள் கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்கியது. நான்காவதில் முள் அதே இடத்தில் நிற்காமல் இன்னும் ஒரு முடியளவு தாண்டிப் போனது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் தாண்டியது.

பெரியப்பாவை அவ்வளவு சந்தோஷமாக நான் பட்டறைக்குள் பார்த்ததில்லை. விசிலே வந்துவிட்டது. சுவர் ஓட்டைப் பக்கம் முகத்தைத் திருப்பி, தேவைக்கு மேல் சத்தமாக என்னிடம், "ஏம்மா, உங்கப்பன் மெஷினுக்கு வயசாயிடுச்சா? ஒரு பக்கமா சாயுதே" என்றார்.

அந்தப் பக்கம் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

அக்கா எழுந்து வந்து முள்ளைப் பார்த்தார். அவருக்கு அது புரிந்திருக்காது. "அப்போ இந்த ரெண்டு துளை?"

"இதப் பூட்டினா நாலாவது பிஸ்டன் ஹெட்டுல முட்டும். மூணு துளைதான் வேணும்."

"அப்போ உங்க தம்பி தப்பா சீவிட்டாரா?"

வாயைத் திறந்தார் பெரியப்பா. எத்தனையோ வருடமாக அந்த நகம் தேடிய கேள்வி அது. 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை போதும். அந்த அக்கா அதைப் பேக்கரியில் சொல்வார், ரொட்டி இறக்கும் கடைகளில் சொல்வார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் போய்விடும்.

ஆனால் அவர் கண் மூன்றாவது பிஸ்டனுக்குப் போனது. தளம் சாய்ந்திருந்தால் உயரம் படிப்படியாக ஏற வேண்டும். இரண்டைவிட மூன்று கொஞ்சமாவது எழும்பியிருக்க வேண்டும். மூன்றும் ஒரே மட்டம். நான்காவது மட்டும் தனியாகத் துருத்திக்கொண்டிருந்தது. மற்றவை கரி பிடித்துச் சுரண்டப்பட்ட பழைய பிஸ்டன்கள். நான்காவது பளபளவென்று புதிது. பழையது விரிசல் விட்டிருந்ததால், அதே கம்பெனிச் சரக்கு கடையில் இல்லை என்று வேறொன்றை வாங்கிப் பூட்டியவர் பெரியப்பாவேதான்.

துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். ஏற்கனவே துடைத்த கைதான்.

"இல்லம்மா" என்றார். "அவன் சீவினது சரி. எழுதினதும் சரிதான். நாலாவது பிஸ்டன் நான் மாத்தினது. வேற கம்பெனி. அது ஒரு முடி ஒசரம். அவனுக்கு அது தெரியாது."

"வண்டிக்கு ஆபத்தா?"

"அந்த அளவு ஒசரம் வண்டி தாங்கும். ஒசந்ததுக்குத் தக்கபடி கேஸ்கெட்ட போட்டுட்டா போதும். காலையில ஸ்டார்ட் பண்றப்ப லேசா புகையும், அப்புறம் நின்னுடும். மனசு ஒப்பலன்னா சொல்லுங்க, அதே கம்பெனி பிஸ்டனா தேடிப் போடுறேன். ஆனா திங்கக்கெழமைக்கு ஆகாது."

அக்கா கேஸ்கெட்டை உறையோடு கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "போயி மாத்தியாறேன். அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. போற வழியில உங்க தம்பிகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கவா?"

பெரியப்பா கேஜைப் பெட்டியில் வைத்து மூடினார். "கேளுங்க."

சற்று நேரத்தில் சுவர் ஓட்டை வழியாக அக்காவின் குரல் வந்தது. பெரியப்பா சொன்னதை அப்படியே ஒப்பித்தார், வேறு கம்பெனி பிஸ்டன் உட்பட. பிறகு அப்பாவின் குரல்.

"அண்ணன் அளந்தாரா?"

"அளந்தாரு."

"அப்புறம் என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க?"

இயந்திரம் மறுபடி ஓட ஆரம்பித்தது. அக்காவின் செருப்புச் சத்தம் தெருவில் தேய்ந்து போனது. பெரியப்பா எதையும் கேட்காதவர் போல, சுத்தமாக இருந்த ஒரு ஸ்பேனரை எடுத்துச் சுத்தம் செய்தார். அதை வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தார். "ரொம்பப் பெரிய மனுஷன்" என்று முனகினார்.

பிறகு எழுந்து பிளாக்கிடம் போனார். நான் கேட்டருகே இருந்ததை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். நகத்தை வைத்து மறுபடி ஒருமுறை இழுத்தார். பாதி வழியில் நிறுத்தினார். கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு, உள்ளங்கையை அந்தத் தளத்தின் மேல் பரப்பி, குளிர்ந்த தண்ணீரைத் தொடுகிறவர் போல, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மெல்லத் தடவினார்.

சுவருக்கு அந்தப் பக்கம் இயந்திரம் நின்றது. பெரியப்பா சட்டென்று கையை எடுத்து, டீசல் துணியை விரித்து பிளாக்கை மூடினார்.