படகு மாதிரி இல்லாத பலகை

நெட்டுக்குப்பத்தில் பொம்பளை படகில் ஏறக்கூடாது. யார் போட்ட சட்டம் என்று கேட்டுப் பாருங்கள், ஆளாளுக்கு வானத்தைப் பார்ப்பார்கள். எத்திராஜ் தன் ஃபைபர் படகுக்கு மகள் ஜெயஸ்ரீயின் பெயரைத்தான் வைத்திருந்தார். அந்தப் பெயர் தினமும் கடலுக்குப் போய் மீனோடு திரும்பியது. பெயருக்குச் சொந்தக்காரி கரையில் நின்று கையாட்டினாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருமுறை வலைக்கடியில் ஒளிந்துகொண்டு போகப் பார்த்தாள். அப்பா காதைப் பிடித்து இறக்கிவிட்டார். இருபத்தேழு வயதாகியும் அந்தக் கோபம் அவளுக்கு ஆறவில்லை.

திருவொற்றியூரில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஊசி போட்டு ரத்தம் எடுப்பது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் பஸ் மாறி பஸ் மாறிக் கோவளம் போய், அலைமேல் பலகை ஓட்டும் சர்ஃபிங் கற்றுக்கொண்டாள். கற்றுக்கொடுத்தவர் ராயபுரத்துக்காரர் அலெக்ஸாண்டர். பழைய பலகைகளை விற்பவரும் அவரே. பழகுகிறவர்களுக்கான நீட்டுப் பலகையில் ஜெயஸ்ரீ ஜம்மென்று நின்றாள். ஆனால் ஊரான் கடலில் நின்று என்ன பிரயோஜனம்? அவளுக்கு வேண்டியது நெட்டுக்குப்பத்துக் கடல். அதுவும் அப்பா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

ஒருநாள் அந்த நீட்டுப் பலகையை இரவல் வாங்கி, அலெக்ஸாண்டரின் வேனில் போட்டுக் குப்பத்துக்குக் கொண்டுவந்தாள். இறக்கியதுதான் தாமதம், வலை பின்னிக்கொண்டிருந்த லட்சுமணன் எழுந்து வந்துவிட்டார். அப்பாவின் கூட்டாளி அவர். ஊர் நியாயம் எல்லாம் தன் தலையில்தான் இறங்கியிருப்பதாக அவருக்கு ஒரு நினைப்பு.

"எத்திராஜு, இத்த பாரு. மூக்கு தூக்கிகினு கீது, அகலமா கீது. கட்டுமரம் கணக்கா இல்ல? இதுல பொம்பள ஏறலாமா?"

எத்திராஜ் பலகையைச் சுற்றிவந்தார். விரலால் தட்டிப் பார்த்தார்.

"ஆள ஏத்திகினு மெதக்குமா?"

"மெதக்கும் நைனா."

"அப்ப படகுதான். வூட்டுக்குப் போ."

ஜெயஸ்ரீ வாதாடவில்லை. படகு மாதிரி இருப்பதுதானே தகராறு, படகு மாதிரி இல்லாத ஒன்றை வாங்கிவிட்டால் என்ன செய்வார்கள் என்று நேரே அலெக்ஸாண்டரிடம் போனாள்.

"குட்டைப் பலகை ஒண்ணு குடுண்ணா."

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "மொதோ குட்டைப் பலகை! அவசரப்படாத. உன் எடைக்கு முப்பது லிட்டராச்சும் வேணும்."

"லிட்டரா? பலகை கேக்குறேன், கேன் தண்ணியா கேக்குறேன்?"

"எவ்ளோ தண்ணிய ஒதுக்குதோ அந்த லிட்டரு. அதான் உன்னத் தூக்கும். தோ, ஆறடி கீது பாரு. நெஞ்சாண்ட கொஞ்சம் தடிமன். ஷோக்கா இருக்கும்."

ஜெயஸ்ரீ அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூலையில் அப்பளம் மாதிரி ஒன்று சாய்ந்திருந்தது. மெலிசு, குட்டை, ஊசி மூக்கு. போட்டிக்குப் போகும் ஒல்லிப் பையன் ஒருவன் விற்கச் சொல்லிக் கொடுத்தது. உலகத்தில் எவனும் இதைப் படகு என்று சொல்ல மாட்டான். அலெக்ஸாண்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். அவள் காதில் விழவில்லை, வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

குப்பத்தில் அது ஒரே பார்வையில் பாஸாகிவிட்டது. லட்சுமணன் ஒரு கையால் தூக்கிப் பார்த்து, "இத்தப் போயி யாரு படகுன்னுவா?" என்றார். எத்திராஜும் தலையாட்டினார். கடலரிப்பைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுப் பாறைகளுக்குத் தள்ளி, அலை ஒழுங்காக உடையும் இடத்தில் ஜெயஸ்ரீ இறங்கினாள். பலகைமேல் படுத்தாள். பலகை அவளோடு சேர்ந்து தண்ணீருக்குள் போனது. உட்கார்ந்தால் கழுத்துக்கு மேலே மட்டும் வெளியே தெரிந்தது. அலை ஒவ்வொன்றும் அவளை விட்டுவிட்டுத் தன்பாட்டில் கரைக்குப் போனது. கரையில் மீன்கூடைக்காரிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

எத்திராஜ் மட்டும் சிரிக்கவில்லை. "ஆள மெதக்க வெக்காதத வாங்கிகினு வந்துகீறியே, அறிவு கீதா?" என்றார்.

"மெதந்தா நீதான் படகுன்னுவியே!" என்று கத்தினாள் ஜெயஸ்ரீ. அவமானத்தில் கண் எரிந்தது. எத்திராஜ் அவள் பெயர் எழுதிய தன் படகைத் திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்கே போய் அப்பளத்தைக் கொடுத்துவிட்டு அந்த ஆறடிப் பலகையை வாங்கிக்கொண்டாள். அது தன்னைத் தாங்கும் என்று தெரியும். தாங்கினால் அப்பா கணக்குப்படி படகு என்பதும் தெரியும். தெரிந்தேதான் அடுத்த ஞாயிறு, யாரையும் கேட்காமல், கடலில் இறங்கினாள்.

வழுக்காமலிருக்க மெழுகு தேய்த்த பலகை உடம்புக்கடியில் கெட்டியாகப் பிடித்தது. இரண்டு அலையை வேண்டாமென்று விட்டாள். மூன்றாவதற்குக் கையாலேயே துடுப்பு வலித்து எழுந்து நின்றாள். பலகை துள்ளியது, வளைந்தது, அவள் சொன்ன பக்கம் திரும்பியது. நீட்டுப் பலகை ஒருநாளும் இப்படித் திரும்பியதில்லை. அவள் தன்னை மறந்து கூவினாள்.

கரையில் லட்சுமணன் குரல் கேட்டது. "எத்திராஜு, ஆள ஏத்திகினு மெதக்குது! இது இன்னா, படகா இல்லியா? சொல்லு!"

அலை அவளைக் கரையோரம் கொண்டுவந்தபோது எத்திராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் வந்தார். இறங்கச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தாள் ஜெயஸ்ரீ. அவரோ, கரையேறும் படகைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பலகையின் மூக்கைப் பிடித்தார்.

"படகுதான்யா," என்றார் லட்சுமணனைப் பார்த்து. "எம் பொண்ணு ஓட்றா. இன்னா இப்போ? வந்து அந்தப் பக்கம் புடி."

லட்சுமணன் கொஞ்சநேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு வந்து பிடித்தார். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிற அந்தப் பலகையை மூன்று பேராகக் கரையேற்றினார்கள்.